அன்னத்தின் சிறகருகே ஒரு செம்மஞ்சள் மீன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியமும் இசையும் மணக்கும் இம்மேடையில் வானநூலைப் பற்றிச் சிறிது பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். வானநூல் என்றால் ஞாயிறு, திங்கள், கோள்கள், கிரகணங்கள் என்று பலவற்றைப் பேசலாம். ஆயினும் அவற்றையெல்லாம் விடுத்து, நம்மில் பெரும்பாலோர் பெயரும் கேட்டிராத ஒரேயொரு விண்மீனைப் பற்றி மட்டுமே இன்று பேச எண்ணுகின்றேன். அது கண்ணைக் கவரும் மீன் அன்று, மிகவும் மங்கியது. நிறத்தால் செம்மஞ்சள்; கிச்சிலிப் பழத்தின் நிறம் என்றும், ஆரஞ்சு நிறம் என்றும் சொல்லலாம். வானத்தின் ஆழத்தை மனிதன் முதன்முதலாக நம்பத்தக்க வகையில் அளந்து வெளியிட்டது அம்மீனைக் கொண்டுதான். அதனால்தான் அதனைத் தேர்ந்தெடுத்தேன்.

அதன் பெயர் '61 சிக்னி' என்பது. சிக்னஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு அன்னம் என்பது பொருள். அன்னம் எனப்படும் விண்மீன் கூட்டத்தில், ஃபிளாம்ஸ்டீடு என்ற ஆங்கில வானநூலாரின் அட்டவணையையொட்டி இம்மீனுக்கு வாய்த்த எண் 61. பெயரிட்டு அழைக்கப்படும் பெருமைகூட அதற்கு இல்லை. வீட்டு எண்ணைப்போல ஓர் எண் மட்டுமே உண்டு. எண்ணிட்ட வீடுகளில் வாழும் நமக்கு இது புதுமையாகத் தோன்றாது!

எங்கே, எப்பொழுது காணலாம்?

முதலில் அதனைக் காணும் வழியைக் கூறிவிடுகின்றேன். ஐப்பசித் திங்களே இதற்கு ஏற்ற காலம். மழைக்காலம் ஓய்ந்து, வானம் கழுவித் துடைத்த பலகைபோல் தெளிந்திருக்கும் அந்நாட்களில், இரவு ஏழரை மணி அளவில் வெளியே வந்து வடக்கு நோக்கி நின்று அண்ணாந்து பாருங்கள். மூன்று பெரிய மீன்கள் ஒரு முக்கோணமாக அமைந்திருப்பதைக் காண்பீர்கள். வடமேற்கே வெண்மையும் நீலமும் கலந்து சுடர்விடுவது அபிஜித்து. ஆங்கிலத்தில் வேகா என்பர். தென்மேற்கே உயரத்தில் ஒளிர்வது நம் இல்லந்தோறும் அறிந்த திருவோணம். மூன்றாவதாக, ஏறத்தாழ உச்சியை அடுத்து வடக்கே நிற்பது தெனப். இந்தத் தெனப் மீனே அன்னத்தின் வால்.

வாலிலிருந்து தென்மேற்காகச் சென்றால் அன்னத்தின் உடலின் நடுவில் உள்ள மீன் தென்படும். அதன் பெயர் சதர். அங்கிருந்து இருபுறமும் சிறகுகள் விரிகின்றன. கிழக்குச் சிறகின் நடுவில் உள்ளது கியெனா. இப்பொழுது தெனப், சதர், கியெனா ஆகிய மூன்றையும் ஓர் இணைகரத்தின் மூன்று மூலைகளாகக் கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இணைகரம் என்றால் இன்னதென்று தெரியும். நான்காம் மூலை எங்கே விழவேண்டுமோ அங்கே உற்று நோக்கினால், ஒரு மங்கிய புள்ளி இருக்கும். அதுவே நம் மீன்.

வெறுங் கண்ணுக்குத் தெரியும் மீன்களை ஒளியின் அளவுகொண்டு ஆறு தரங்களாகப் பண்டைக் கிரேக்கர் வகுத்தனர். முதல் தரம் மிக ஒளியுள்ளது. ஆறாம் தரம் கண்ணுக்கு எட்டும் எல்லை. நம் மீன் ஏறத்தாழ ஐந்தாம் தரத்தைச் சேர்ந்தது. இருள் சூழ்ந்த சிற்றூரில் வெறுங்கண்ணால் காணலாம். உலைகளின் செவ்வொளியும் தெருவிளக்குகளின் வெள்ளொளியும் வானில் பரவிய நம் பிலாய் நகரத்தில் அது அரிது. ஆனால் பைனாகுலர் எனப்படும் இருகண் நோக்கி ஒன்று இருந்தால், நகரின் நடுவிலிருந்தும் எளிதில் காணலாம்.

இன்னொரு செய்தி. குமரிமுனையில் நின்று காண்பவருக்கு இம்மீன் உச்சிக்கு வடக்கே முப்பது பாகைக்கு மேல் சாய்ந்து நிற்கும். சென்னையில் ஏறத்தாழ இருபத்தாறு பாகை. இங்கே பிலாயிலோ பதினெட்டுப் பாகைக்கும் குறைவு. வடக்கே வந்ததனால் நமக்குக் கிடைத்த சிறு ஊதியங்களுள் இதனையும் சேர்த்துக் கொள்ளலாம்.

ஒன்றன்று, இரண்டு

பைனாகுலரை அசையாமல் ஒரு சுவரின்மீதோ தாங்கியின்மீதோ வைத்து நோக்கினால், அப்புள்ளி ஒன்றன்று, இரண்டு என்பது விளங்கும். 1753ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் பிராட்லி என்ற ஆங்கில அறிஞர் இதனைக் கண்டறிந்தார். ஒன்று சற்றுப் பெரிது. மற்றொன்று சற்றுச் சிறிது. இரண்டும் செம்மஞ்சள் நிறமே. இரட்டை மீன்கள் வானில் பல உண்டு. ஒன்று பொன்னாகவும் மற்றொன்று நீலமாகவும் இருப்பவையும் உண்டு. அன்னத்தின் அலகில் உள்ள அல்பிரியோ அத்தகையது. ஆனால் ஒரே நிறமுடைய இரு சிறு அகல்களை அருகருகே ஏற்றி வைத்தாற்போன்ற தோற்றம் இதற்குத் தனி அழகைத் தருகின்றது.

இவ்விரு மீன்களும் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ஒருமுறை சுற்றி முடிக்க ஏழு நூற்றாண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலம் செல்கின்றது. நம் நிலவுலகிற்கும் ஞாயிற்றிற்கும் உள்ள தூரத்தைப்போல் சராசரியாக எண்பது மடங்கிற்கு மேற்பட்ட இடைவெளியில் அவை உலவுகின்றன. அவற்றின் ஒரு சுற்றை முழுதும் பார்த்து முடிக்க ஒரு மனிதனின் வாழ்நாள் போதாது. ஒரு தலைமுறை குறித்து வைத்ததை அடுத்த தலைமுறை தொடர்ந்து, அதற்கடுத்த தலைமுறை சரிபார்த்து, இவ்வாறே அப்பாதையை அறிந்து வருகின்றனர்.

நிறம் கூறும் செய்தி

இரும்பு உருக்கும் ஊரில் வாழும் உங்களுக்கு நிறத்தைப் பற்றி நான் கூறவேண்டியதில்லை. இரும்பைச் சூடேற்றினால் முதலில் மங்கிய சிவப்பு, பிறகு செம்மஞ்சள், பிறகு மஞ்சள், இறுதியில் வெண்மை என்று நிறம் மாறுவதை ஆலையில் பணிபுரிவோர் நாள்தோறும் காண்கின்றனர். சூடு மிகமிக நிறம் சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி நகரும் என்னும் அதே விதி விண்மீனுக்கும் பொருந்தும். அபிஜித்தின் மேற்பரப்பு 9,000 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட சூடுடையது. ஆதலின் நீலங்கலந்த வெண்மை. நம் ஞாயிறு ஏறத்தாழ 5,500 பாகை. 61 சிக்னியின் பெரிய மீன் ஏறத்தாழ 4,200 பாகை. சிறியது 3,800 பாகை அளவு.

இங்கே உங்களுள் ஒருவர் ஒரு வினா எழுப்பலாம். "ஐயா, எங்கள் ஆலையில் உருகிய எஃகின் சூடு 1,600 பாகை அளவே. அதுவே கண்கூசும் வெண்மையாகத் தோன்றுகின்றதே! 4,200 பாகைச் சூடுள்ள மீன் எவ்வாறு செம்மஞ்சளாகும்?" நல்ல வினா. விடை யாதெனின், நிறத்தைக் கண் தனித்து அளப்பதில்லை. சூழலோடு ஒப்பிட்டே அளக்கின்றது. அருகில் நின்று நோக்கும் உருகிய எஃகின் ஒளி மிகுதியால் கண் திகைத்து, அதனை வெண்மை எனக் கொள்கின்றது. விண்மீனின் ஒளியோ மிக நுண்ணியது. அதனை இருண்ட வானத்தில், வெண்மையும் நீலமுமான பிற மீன்களுக்கு நடுவே காண்கின்றோம். அவற்றைவிட இதில் நீல ஒளி குறைவு. ஆதலின் செம்மஞ்சளாகத் தெரிகின்றது. எஃகையும் மீனையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே ஒளி அளவாக வைத்துக் காண இயலுமானால், எஃகுதான் சிவப்பாகவும் மீன் வெண்மையாகவும் தோன்றும். நிறங்களின் பெயர்களும் மனிதரின் சிறப்புப் பெயர்களைப்போல ஒப்பு நோக்கி வைத்தவையே.

சிக்கனமான குடும்பத்தலைவர்

இம்மீன் ஏன் மங்கியிருக்கின்றது? தூரத்தால் மட்டுமன்று, இயல்பிலேயே ஒளி குறைந்தது. பெரிய மீனின் எடை ஞாயிற்றின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு. குறுக்களவு மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் அது வெளியிடும் ஒளியும் வெப்பமும் ஞாயிற்றினதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே. சிறிய மீனோ அதனினும் குறைவாக, பன்னிரண்டில் ஒரு பங்களவே வெளியிடுகின்றது. நம் ஞாயிற்றை எடுத்துச் சென்று அதே தூரத்தில் வைத்தால், அது துருவ மீனைவிடச் சற்றே மங்கிய மீனாக, நகரத்திலும் கண்ணுக்குத் தெரியும்.

இதில் குடும்பம் நடத்துவோர் கவனிக்கத்தக்க ஒரு கணக்கு உள்ளது. கையிருப்பு பத்தில் ஏழு பங்கு. ஆண்டுச் செலவோ ஏழில் ஒரு பங்கு. அப்படியாயின் அக்கையிருப்பு எத்தனை நாள் வரும்? ஞாயிற்றின் வாழ்நாள் ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகள் என்று கணித்துள்ளனர். இம்மீனின் வாழ்நாள் அதனைப்போல் பன்மடங்கு. பேரண்டத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்தாம். எனவே இத்தகைய சிறு செம்மஞ்சள் மீன்களுள் ஒன்றேனும் இதுவரை எரிபொருள் தீர்ந்து மூப்பினால் அணைந்ததில்லை. பெருஞ்செல்வத்தை ஒருசில கோடி ஆண்டுகளிலே வாரியிறைத்து வெடித்து மறையும் நீலப் பெருமீன்களும் உண்டு. சிறுகச் செலவிட்டு நெடுங்காலம் விளக்கெரிக்கும் இச்சிக்கனமான குடும்பத்தலைவர்களும் உண்டு. எண்ணிக்கையில் பின்னவரே மிகுதி.

ஞாயிற்றின் முகத்தில் கரும்புள்ளிகள் ஏறத்தாழ பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகியும் அருகியும் வருவதைக் கேட்டிருப்பீர்கள். 61 சிக்னியின் பெரிய மீனிலும் அத்தகைய ஏற்ற இறக்கம் ஏழாண்டுக்கு ஒருமுறை நிகழ்கின்றது. அதன் ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, கால்சியம் என்னும் பொருளுக்குரிய கோடுகளை ஆண்டுக்கணக்கில் அளந்து இதனை அறிந்தனர். கலிபோர்னியாவின் வில்சன் மலையில் இவ்வகை அளவைத் தொடங்கியவர் ஒலின் வில்சன். அவரோடு இணைந்து, சென்னையில் பிறந்த நம் வேணு பாப்பு 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. செம்மஞ்சள் மீன்கள் போன்றவற்றின் கால்சியக் கோட்டின் அகலத்தைக் கொண்டே அவற்றின் உண்மையான ஒளியைக் கணிக்கலாம் என்று அவ்விருவரும் காட்டினர். அது இன்றும் 'வில்சன்–பாப்பு விளைவு' என்றே வழங்குகின்றது. சவ்வாது மலையில் காவலூரில் உள்ள தொலைநோக்ககம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

அளக்க முடியாத ஆழம்

இனி இம்மீனின் பெருமைக்குக் காரணமான வரலாற்றிற்கு வருகின்றேன்.

குழந்தைகளே, உங்கள் சுட்டுவிரலை முகத்திற்கு நேரே நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றுகின்றதல்லவா? விரலை அருகே கொண்டுவந்தால் மாற்றம் மிகுதி. தொலைவில் கொண்டுசென்றால் குறைவு. இந்த மாற்றத்தை அளந்தால் தூரத்தைக் கணக்கிடலாம். இதனை இடமாறு தோற்றம் என்பர்.

1543ஆம் ஆண்டில் கோப்பர்நிக்கசு என்னும் போலந்து நாட்டு அறிஞர், நிலவுலகே ஞாயிற்றைச் சுற்றுகின்றது என்று எழுதினார். அவ்வாறாயின், தை மாதத்தில் ஓரிடத்திலும் ஆடி மாதத்தில் அதற்கு நேர் எதிரிலும் நாம் இருப்போம். அவ்விரண்டும் நம் இரு கண்களைப் போன்றவை. எனவே அருகிலுள்ள விண்மீன்கள் ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாறி மீளவேண்டும். டைக்கோ பிராகி என்னும் டேனிய அறிஞர், தொலைநோக்கி தோன்றுவதற்கு முந்திய காலத்திலே மிக நுட்பமாக வானத்தை அளந்தவர். அவர் கண்ணுக்கு இம்மாற்றம் அகப்படவில்லை. ஆதலின் நிலவுலகம் அசையவில்லை என்றே அவர் கொண்டார். அது மூடத்தனமான முடிவு அன்று. கையில் இருந்த சான்றுக்கு ஏற்ற முடிவு. மற்றொரு முடிவும் இருந்தது. விண்மீன்கள் யாரும் கனவிலும் கருதாத தொலைவில் இருக்கவேண்டும் என்பதே அது.

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அறிஞர்கள் அம்மாற்றத்தைத் தேடினர். முன்னர்க் கூறிய பிராட்லி தேடினார், அது கிடைக்கவில்லை. எனினும், நிலவுலகின் ஓட்டத்தால் ஒளி சாய்ந்து வருவதுபோல் தோன்றும் வேறொரு விளைவை அவர் கண்டார். நிலவுலகம் ஓடுகின்றது என்பதற்கு அதுவே சான்றாயிற்று. வில்லியம் ஹெர்ஷல் தேடினார், அது கிடைக்கவில்லை, ஒன்றையொன்று சுற்றும் இரட்டை மீன்கள் கிடைத்தன. தேடியது கிடைக்காவிடினும் தேடியவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஆயினும் விண்மீன்களின் தூரம் மட்டும் அளவுக்கு அகப்படாமலே இருந்தது.

அவர்களுள் பலர் ஒரு நினைவோடு தேடினர். ஒளிமிக்க மீன் அருகில் இருக்கும். மங்கிய மீன் தொலைவில் இருக்கும் என்பதே அந்நினைவு. கேட்பதற்குப் பொருத்தமாகவே உள்ளது. தெருவிளக்குகளை நோக்கினால் அப்படித்தானே? ஆனால் எல்லா விளக்குகளும் ஒரே ஆற்றலுடையவையாயின் அன்றோ அது சரியாகும்!

ஓடும் மீனும் ஒரு வணிகக் கணக்கரும்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் பியாசி என்னும் துறவி ஒரு புதுமையை உலகுக்கு அறிவித்தார். 61 சிக்னி பிற மீன்களினிடையே விரைந்து இடம்பெயர்ந்து கொண்டிருந்தது. 'பறக்கும் மீன்' என்று அதற்குப் பட்டமும் கிடைத்தது. விரைவு என்றால் எவ்வளவு? முழுநிலவின் அகலத்தைக் கடக்க 350 ஆண்டுகள்! ஆயினும் நிலைமீன்கள் என்று பெயர் பெற்ற கூட்டத்தில் இது பெரிய ஓட்டமே.

நாம் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது புகைவண்டியின் சன்னலோரம் அமர்ந்து காண்பதை எண்ணிப் பாருங்கள். தண்டவாளத்தை அடுத்த கம்பங்கள் சிட்டாய்ப் பறக்கின்றன. வயல் நடுவே உள்ள பனைமரம் மெல்ல நகர்கின்றது. தொலைவில் உள்ள மலையோ நம்முடனேயே வருவதுபோல் நிற்கின்றது. விரைந்து நகர்வது அருகில் இருக்கும் என்று குழந்தையும் அறியும். இந்த எளிய உண்மையைப் பற்றிக்கொண்டவர் பெசல் என்னும் செருமானியர். ஒளியை நம்பாதே, ஓட்டத்தை நம்பு என்பதே அவர் கொண்ட வழி. கண்ணைப் பறிக்கும் மீன்களை விடுத்து, இம்மங்கிய செம்மஞ்சள் மீனை அவர் தேர்ந்தெடுத்தார்.

அப்பெசலின் வாழ்க்கை நம் இளைஞர்கள் அறியத்தக்கது. 1784ஆம் ஆண்டில் மிண்டன் என்னும் ஊரில் பிறந்தார். பள்ளிப்படிப்பை விடுத்து, பதினைந்து வயது நிரம்புமுன்பே வீட்டை நீங்கி, பிரேமன் துறைமுக நகரில் ஒரு வணிக நிலையத்தில் பயிற்சி எழுத்தராக அமர்ந்தார். கப்பல்களின் கணக்கை எழுதும்போது, கப்பல் கடலில் தன் இடத்தை எவ்வாறு அறிகின்றது என்னும் ஆவல் பிறந்தது. அதற்காக இரவெல்லாம் கணிதமும் வானநூலும் தாமே கற்றார். இருபதாம் வயதில் ஹாலியின் வால்மீனைப் பற்றி அவர் செய்த கணக்கைக் கண்டு ஓல்பர்சு என்னும் அறிஞர் வியந்தார். பல்கலைக்கழகத்தில் பயிலாத அவர், கோனிக்சுபெர்க்கு நகரில் அமைந்த வானாய்வு நிலையத்தின் தலைவராக உயர்ந்தார். அந்நகரம் இன்று உருசிய நாட்டில் கலினின்கிராடு என்னும் பெயரோடு விளங்குகின்றது.

அவர் கையாண்ட கருவியும் ஒரு விந்தை. பிரவுன்கோபர் என்னும் கண்ணாடிக் கலைஞர் வகுத்த அக்கருவி, அவர் மறைந்தபின் நிறைவுற்று 1829ஆம் ஆண்டில் பெசலிடம் வந்து சேர்ந்தது. அதன் முகப்பு வில்லையை நேர் பாதியாக அறுத்திருந்தனர்! ஒவ்வொரு பாதியும் ஒரு தனி உருவத்தைத் தரும். திருகைச் சுழற்றி ஒரு பாதியை நகர்த்தினால் உருவமும் நகரும். ஒரு மீனின் உருவத்தை அடுத்த மீனின் உருவத்தின்மேல் பொருத்தி, திருகு எவ்வளவு சுழன்றது என்று பார்த்தால், இரண்டிற்கும் இடைப்பட்ட கோணம் மிக நுட்பமாகக் கிடைத்துவிடும்.

61 சிக்னியின் அருகே தோன்றும் இரண்டு மிக மங்கிய மீன்களைப் பெசல் ஒப்புக்காக எடுத்துக்கொண்டார். அவை தொலைவிலுள்ள மலைபோல; நம் மீன் வயல் நடுவே நிற்கும் பனைபோல. 1837 ஆகஸ்டு முதல் 1838 அக்டோபர் வரை, ஓராண்டிற்கு மேலாக, வானம் தெளிந்த இரவுகளில் ஒரே அளவையை மீண்டும் மீண்டும் எடுத்தார். குளிரால் உலோகம் சுருங்கும். அதற்கும் கணக்கு வைத்தார். மீனின் நேர் ஓட்டத்தைக் கழித்தார். எஞ்சிய மிகச் சிறு அசைவு, ஆண்டுக்கு ஒருமுறை சென்று மீண்டது. இரு நூற்றாண்டுகள் தேடிய இடமாறு தோற்றம் அகப்பட்டது.

அது எத்துணைச் சிறிது என்பதை எண்ணுங்கள். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தைப் பதினெட்டு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு சிறிய கோணமாகத் தெரியுமோ, அவ்வளவே நிலவுலகிலிருந்து ஞாயிறு வரை உள்ள தூரம் முழுவதும் அம்மீனிலிருந்து காண்போர்க்குத் தோன்றும். அங்கிருந்து ஒளி நம்மை வந்தடையப் பத்து ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகும் என்று பெசல் கணித்தார். இன்றைய அளவு ஏறத்தாழ 11.4 ஆண்டுகள். பத்தில் ஒரு பங்கே வேறுபாடு! கிலோமீட்டரில் கூறினால் ஏறத்தாழ 108 இலட்சம் கோடி. மணிக்கு நூறு கிலோமீட்டர் ஓடும் புகைவண்டியில் புறப்பட்டால் பன்னிரண்டு கோடி ஆண்டுகள் ஆகும். இடையே எந்த நிலையத்திலும் நில்லாமல் சென்றால்!

அதே காலத்தில் வேறு இருவரும் இதே பணியில் இருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். உருசிய நாட்டில் பணிபுரிந்த ஸ்துருவே அபிஜித்தை அளந்து 1837இல் ஒரு முடிவு வெளியிட்டார். பின்னர் அதனைத் தாமே பெரிதும் மாற்றிக்கொண்டார். தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் ஹெண்டர்சன் 1832–33இலேயே ஆல்பா செந்தாரி என்னும் தென்வானத்து மீனை அளந்திருந்தார். ஆனால் ஐயத்தால் தயங்கி 1839இல்தான் வெளியிட்டார். அறிஞர் உலகம் பெசலின் அளவையே முதலில் ஐயமற ஏற்றது. இங்கிலாந்தின் அரச வானநூற் கழகம் 1841இல் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கிற்று.

அளவை அதனோடு முடிந்துவிடவில்லை. பெசல் ஒரு மீனுக்கு ஓராண்டு உழைத்தார். 2013இல் விண்ணில் ஏவி 2025 வரை இயங்கிய கையா என்னும் ஐரோப்பிய விண்கலம், 150 கோடிக்கு நெருங்கிய விண்மீன்களின் தூரத்தை இதே இடமாறு தோற்ற முறையால் அளந்தது. கருவி மாறிற்று, கணக்கு மாறவில்லை.

பிழைகளும் நேர்ந்ததுண்டு. 1940களில், 61 சிக்னியின் ஓட்டத்தில் ஒரு தள்ளாட்டம் உள்ளதென்றும், கண்ணுக்குத் தெரியாத கோள் போன்ற துணை ஒன்று அதனை இழுக்கின்றதென்றும் ஸ்திராண்டு என்னும் அறிஞர் அறிவித்தார். உலகம் பரபரப்புற்றது. பின்னர் வந்த நுட்பமான அளவைகள் அதனை உறுதி செய்யவில்லை. அறிவியலில் ஒருவர் சொல்வதைப் பிறர் மதிக்கின்றனர். ஆனால் சரிபாராமல் ஏற்பதில்லை.

நமக்கு என்ன?

இவற்றையெல்லாம் கேட்டபின், நமக்கு இதனால் என்ன பயன் என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்குச் சில சொற்கள்.

இக்குடியிருப்பில் பதினோரு வயது நிரம்பிப் பன்னிரண்டை நோக்கும் பிள்ளைகள் பலர் உள்ளனர். அவர்கள் பிறந்த பருவத்தில் அம்மீனிலிருந்து புறப்பட்ட ஒளியே இப்பொழுது இங்கே வந்து சேர்கின்றது. அவர்கள் தவழ்ந்தபோதும், நடை பயின்றபோதும், பள்ளி சென்றபோதும் அவ்வொளி வந்துகொண்டே இருந்தது. அதனை வரவேற்க அப்பிள்ளை வெளியே வந்து அண்ணாந்து பார்க்கவில்லையெனில், அது கூரைமேல் விழுந்து வீணாகும். ஆலை ஒளியாலும் விளக்கொளியாலும் வானத்தை இழந்து வரும் நம் பிள்ளைகள், இழப்பது இன்னதென்று அறியாமலே இழக்கின்றனர். இதுவே என் கவலை. ஒன்றைக் கண்டவனே அது மறையும்போது வருந்துவான். காணாதவனுக்கு வருத்தமும் இல்லை, விருப்பமும் இல்லை.

ஆதலின் சங்கத்தாரிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஆண்டுதோறும் நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட நாட்களில், தேய்பிறைக் காலத்து மாலை ஒன்றில், ஒரு மணி நேரம் இவ்விளையாட்டுத் திடலின் விளக்குகளை அணைத்துப் பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டவேண்டும். தீபாவளி அன்றே வேண்டா. அன்று புகைதான் தெரியும்! இரண்டாவது, நம் நூல்நிலையத்திற்கு ஒரு நல்ல பைனாகுலரும், இயலுமாயின் ஒரு சிறு தொலைநோக்கியும் வாங்கவேண்டும்.

தொலைநோக்கி வாய்த்தால் பிள்ளைகள் செய்யத்தக்க ஓர் ஆராய்ச்சியையும் கூறுகின்றேன். எட்டு வயதுப் பிள்ளை இவ்விரட்டை மீனையும், அதன் அருகே தெரியும் மங்கிய மீன்களையும் ஒரு தாளில் கருத்தாக வரைந்து, நாளையும் எழுதி வைக்கட்டும். பதினெட்டு வயதில் மீண்டும் நோக்கி வரையட்டும். பத்தாண்டில் இம்மீன் இடம்பெயரும் கோணம் 50 விகலைக்கும் மேல். இரட்டையரின் இடைவெளியோ 30 விகலை அளவே. தன் வாழ்நாளிலேயே ஒரு நிலைமீன் நகர்ந்ததைத் தன் கையால் வரைந்த படத்தில் காணும் பேறு அப்பிள்ளைக்குக் கிட்டும். இடையே தந்தைக்கு மாற்றல் வந்து குடும்பம் வேறூர் சென்றாலும் தடையில்லை. இந்நாட்டின் எவ்வூரிலும் ஐப்பசி மாலையில் அன்னம் வடபுறத்து உச்சியில் பறந்துகொண்டே இருக்கும்.

அம்மீன் நம்மை நோக்கி நொடிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் விரைவில் நெருங்கி வருகின்றது. இன்னும் ஏறத்தாழ பதினெட்டாயிரம் ஆண்டுகளில் ஒன்பது ஒளியாண்டுத் தொலைவு வரை வந்து, பிறகு விலகிச் செல்லும். அன்றும் அது மங்கிய மீனாகவே இருக்கும். அதன் ஒளி பெருக வேண்டியதில்லை. காணும் கண்கள் இருந்தால் போதும்.